யூதரின் ஆண்டு வட்டமும் நம் பிரசங்க பீடமும்

முன்னுரை

இரும்புலியூரை அடுத்துள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் 1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அனைத்துலக மிஷனெரி மன்றத்தின் மாநாடு கூடிற்று. சீனாவில் ஹாங்சௌ நகரில் நடைபெற வேண்டிய அம்மாநாடு, அங்கே மூண்ட போரின் காரணமாகத் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. ஜான் மாட் தலைமை தாங்கினார். ஏறத்தாழ 470 பேராளர் வந்திருந்தனர். ஹென்ட்ரிக் கிரேமர் அம்மாநாட்டிற்கென எழுதிய நூலும், அதையொட்டி எழுந்த விவாதமும் இறையியல் மாணாக்கர் யாவரும் அறிந்தவையே.

ஆயினும் நாம் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. அவ்வாண்டு யூதரின் ஹனுக்காத் திருநாள் டிசம்பர் 17 மாலையில் தொடங்கிற்று. மாநாட்டின் நடுவே வந்த கிறிஸ்து பிறப்பு நாள் அத்திருநாளின் எட்டாம் நாளாயிருந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் ஜெர்மனி எங்கும் யூதரின் ஜெபாலயங்கள் தீக்கிரையாகியிருந்தன.

யூதரின் திருநாட்களை லேவியராகமம் 23ஆம் அதிகாரத்திலிருந்து நாம் நன்கு அறிவோம், பாடத்திட்டத்திலும் கற்கிறோம். ஆனால் நம் அறிவு பெரும்பாலும் அப்போஸ்தலர் நடபடிகளோடு நின்றுவிடுகிறது. பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் அம்மக்களுக்கு வரலாறே இல்லாததுபோல் பேசுகிறோம். அவர்களோ அதே நாட்காட்டியைத் தொடர்ந்து கைக்கொண்டு, பழைய நாட்களின்மேல் புதிய நினைவுகளை அடுக்கி வந்திருக்கின்றனர். அவ்வாறு அடுக்கப்பட்டவற்றுள் பல, கிறிஸ்தவர் கையால் நேர்ந்த துன்பங்கள். அந்த ஆண்டு வட்டத்தை மாதந்தோறும் பின்தொடர்ந்து, அது நம் நாட்டில் எவ்வாறு கைக்கொள்ளப்பட்டது என்பதையும் உடன் நோக்கி, நம் பிரசங்க பீடத்துக்கு அதனால் உண்டாகும் பொறுப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நாட்காட்டியின் அமைப்பு

யூதருடைய மாதம் பிறையைக் கொண்டு தொடங்குவது. பன்னிரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்களே ஆவதால், பருவங்களோடு அது ஒத்துவரும்பொருட்டு 19 ஆண்டுகளில் 7 முறை ஆதார் மாதம் இரட்டிக்கப்படுகிறது. தெலுங்கு நாட்டுப் பஞ்சாங்கத்தில் வரும் அதிக மாதத்தை அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாள் என்பது சூரிய அஸ்தமனத்தில் தொடங்கும். நிசான் மாதத்தை முதல் மாதமாக எண்ணுவது திருமறையின் முறை (யாத். 12:2). ஆண்டுக் கணக்கோ இலையுதிர் காலத்தில் திஷ்ரி மாதத்தில் புதிதாகிறது.

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் முனையில் 1760ஆம் ஆண்டளவில் எசேக்கியேல் ரகபி என்னும் யூத வணிகர் எழுப்பிய மணிக்கூண்டு நிற்கிறது. அதன் முகங்களில் எபிரெய எண்களும், உரோம எண்களும், மலையாள எண்களும் உள்ளன. ஊராரின் காலமும் ஐரோப்பியரின் காலமும் தம் காலமும் ஒன்றாகவே ஓடுகின்றன என்று ஏற்றுக்கொண்டு, தம் காலத்தை மட்டும் கைவிடாதிருந்த மக்களின் அடையாளம் அது.

2. நிசான்: பஸ்கா

பஸ்கா இரவு எப்போதும் முழுநிலா இரவு. நம் பாடுகளின் வாரமும் அதே நிலவை ஒட்டி வருவதற்குக் காரணம், நம் ஆண்டவர் பஸ்காவை ஆசரிக்க எருசலேமுக்கு வந்தார் என்பதேயாம். ஆதித் திருச்சபையில் ஆசியா மைனர்ச் சபைகள் நிசான் 14ஆம் நாளிலேயே கர்த்தருடைய பஸ்காவை ஆசரித்தன. கி.பி. 325இல் நிக்கேயாவில் கூடிய பேரவை, எல்லாச் சபைகளும் யூதர் கணக்கைச் சாராமல் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உயிர்த்தெழுதலைக் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது. ஒற்றுமைக்காக எடுக்கப்பட்ட முடிவு அது. ஆனால் அதை அறிவித்துக் கான்ஸ்டன்டைன் பேரரசர் எழுதிய மடலில் யூதரைப் பற்றிய கடுஞ்சொற்கள் மலிந்திருந்தன. நாட்காட்டியில் நேர்ந்த பிரிவு மனத்தின் பிரிவாகவும் ஆயிற்று.

இதன் பின்விளைவுகளை நிசான் மாதத்தின் வரலாறே காட்டும். 1190ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று, பஸ்காவுக்கு முந்திய ஓய்வுநாள் தொடங்கும் இரவில், இங்கிலாந்தின் யார்க் நகரக் கோட்டையில் ஒளிந்திருந்த ஏறத்தாழ 150 யூதர் மாண்டனர். வெளியே நின்ற கூட்டத்தாரின் கையில் விழுவதைவிடத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்வது மேல் எனப் பலர் துணிந்தனர். 1497இல் போர்ச்சுகல் அரசர் மனுவேல், பஸ்காக் காலத்தில் யூதக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்துத் திருமுழுக்குக் கொடுக்க ஆணையிட்டார். 1903இல் கிஷினெவ் நகரில் உயிர்த்தெழுதல் ஞாயிறன்று தொடங்கிய கலகத்தில் 49 யூதர் கொல்லப்பட்டனர். கிறிஸ்தவப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பஸ்கா அப்பத்தில் கலக்கின்றனர் என்ற கொடிய பொய்யே அக்கலகத்தைத் தூண்டிற்று. 1943ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று, பஸ்காவுக்கு முந்திய நாளில், எஞ்சியிருந்த யூதரை வெளியேற்ற நாசிப் படைகள் வார்சா நகரின் அடைப்புப் பகுதிக்குள் புகுந்தபோது, உள்ளிருந்தோர் எதிர்த்துப் போரிட்டனர்.

நாம் பெரிய வெள்ளிக்கிழமையன்று சிலுவைத் தியானம் செய்யும் அதே நாட்களில், ஐரோப்பிய யூதர் பல நூற்றாண்டுகளாகக் கதவைத் தாழிட்டு அஞ்சியிருந்தனர். நம் நாட்டில் அவ்வச்சம் இருந்ததில்லை. மராட்டிய நாட்டின் கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரயேலர், பஸ்காவின் பொருளையே ஏறக்குறைய மறந்த நிலையிலும், அந்நாட்களில் புளிப்புச் சாடியை மூடி வைத்து, "சாடி மூடும் திருநாள்" எனப் பொருள்படும் மராத்திப் பெயரால் அதை ஆசரித்து வந்தனர்.

3. சீவான்: உடன்படிக்கையின் மாதம்

பஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாளில் வருவது வாரங்களின் பண்டிகை. முதற்பலனின் திருநாளாயிருந்த அது, சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் அருளப்பட்ட நாளாகப் பின்னர் நினைவுகூரப்பட்டது. அன்று ரூத்தின் சரித்திரம் வாசிக்கப்படும். அயல்நாட்டுப் பெண்ணொருத்தி உடன்படிக்கைக்குள் வந்த வரலாறு அந்நாளுக்கு ஏற்றதே.

1096ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், சீவான் 3 அன்று, முதலாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டமொன்று ரைன் நதிக்கரையிலுள்ள மைன்ஸ் நகரில் புகுந்தது. பேராயரின் மாளிகை முற்றத்தில் அடைக்கலம் புகுந்திருந்த யூதர் பல நூற்றுவர் அன்று மடிந்தனர். திருநாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. தோளில் சிலுவைக் குறி தரித்தவர்களே அதைச் செய்தனர்.

அதே காலப்பகுதியில் நம் நாட்டில் நடந்ததை இதனோடு ஒப்பிடுதல் தகும். கி.பி. 1000ஆம் ஆண்டளவில், சங்ககாலத்து முசிறியாகிய முயிரிக்கோட்டிலிருந்து சேரமன்னர் பாஸ்கர இரவிவர்மர் செப்பேடு ஒன்றை அளித்தார். யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கும் அவர் வழித்தோன்றலுக்கும் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையையும், பகல் விளக்கு, குடை, பல்லக்கு முதலான 72 சிறப்புரிமைகளையும் அது வழங்கிற்று. அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழி தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான பழமொழி. மட்டாஞ்சேரி ஜெபாலயத்தில் அச்செப்பேடு நியாயப்பிரமாணச் சுருள்களோடு காக்கப்பட்டு வந்துள்ளது.

இதினும் பழமையான சான்று ஒன்று நம்மை நேரே தொடுவது. கி.பி. 849இல் தாணு இரவி காலத்தில் வேணாட்டு அய்யன் அடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமையும் அளித்துச் செப்பேடு பொறித்தார். அதில் சாட்சிகளாகக் கையொப்பமிட்டோரின் கையெழுத்துகள் அரபு எழுத்திலும், பஹ்லவி எழுத்திலும், எபிரெய எழுத்திலும் காணப்படுகின்றன. எபிரெய எழுத்தில் பாரசீக மொழியில் கையொப்பமிட்டவர் யூதர். ஆம், தென்னிந்தியத் திருச்சபை பெற்ற மிகப் பழைய உரிமைப் பத்திரத்துக்கு யூதர் சாட்சி நின்றனர். இதை நம் திருச்சபை வரலாற்று வகுப்புகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

4. ஆப்: துக்கத்தின் மாதம்

நான்காம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாதங்களின் உபவாசங்களைச் சகரியா தீர்க்கர் குறிப்பிடுகிறார் (சகரியா 8:19). அவற்றுள் ஐந்தாம் மாதமாகிய ஆப் 9ஆம் நாள் உபவாசமே மிகக் கடுமையானது. கி.மு. 587 அல்லது 586இல் நேபுகாத்நேச்சாரின் படையால் முதல் ஆலயமும், கி.பி. 70இல் தீத்துவின் படையால் இரண்டாம் ஆலயமும் அழிந்ததை அந்நாள் நினைவூட்டுகிறது. 135இல் பேத்தார்க் கோட்டை வீழ்ந்ததையும் மரபு அந்நாளோடு இணைக்கிறது. 1290ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு யூதரை நாடு கடத்த இட்ட ஆணையும் அந்நாளிலேயே நேர்ந்தது. 1492இல் ஸ்பெயினை விட்டு வெளியேறுவதற்கு யூதருக்கு விதிக்கப்பட்ட கெடு முடிந்ததும் அந்நாளை ஒட்டியே. அன்று மாலை அவர்கள் தரையில் அமர்ந்து, மங்கிய ஒளியில் புலம்பலின் புத்தகத்தை வாசிக்கின்றனர்.

கி.பி. 70இன் அழிவுக்குத் தப்பி வந்தோரே தம் முன்னோர் என்பது கொச்சி யூதரின் மரபு. பெனே இஸ்ரயேலரோ, ஆலயம் அழிந்த செய்தி தங்கள் நினைவில் தெளிவாக இல்லாத காலத்திலும், ஆப் 9இல் நோன்பு நோற்று, அன்று உண்ணும் "பிர்டே" என்னும் பயற்றுக் கறியின் பெயரால் அதை அழைத்து வந்தனர். காரணம் மறந்தும் நாள் மறவாமை வியக்கத்தக்கதே.

1492இன் வெளியேற்றம் நம் கரையையும் வந்து தொட்டது. ஸ்பெயினிலிருந்து போர்ச்சுகலுக்கு ஓடிய யூதர் 1497இல் வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்டனர். அத்தகைய குடும்பமொன்றில் பிறந்த கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர் 1534இல் கோவாவுக்கு வந்தார். இந்திய மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய உரையாடல் நூல் 1563இல் கோவாவில் அச்சேறிற்று. 1560இல் அங்கே நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றம், அவர் 1568இல் இறந்த மறு ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனாவை, இரகசியமாக யூத சமயத்தைக் கைக்கொண்டார் என்று தீயிட்டது. 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டி எடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இடையில் நான்காண்டு நீங்கலாக, அம்மன்றம் 1812 வரை நீடித்தது. கொச்சியிலும், 1662இல் டச்சுக்காரருக்கு யூதர் உதவினர் என்று போர்ச்சுகீசியர் அவர்கள் தெருவைச் சூறையாடினர். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயமும் சேதமுற்றது. மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரே அது செப்பனிடப்பட்டது. நம் நாட்டு அரசரின் நிழலில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்த இக்கொடுமைகளைச் செய்தது, கிறிஸ்துவின் பெயரைத் தரித்த ஓர் அரசு.

அதே வெளியேற்றத்தின் வழித்தோன்றல் சிலர் இலண்டன் வழியாகச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தனர். கோல்கொண்டா வைரத்தை வாங்குவதும், மத்தியதரைக் கடல் பவழத்தை விற்பதும் அவர்கள் தொழில். ஜார்ஜ் டவுனிலுள்ள பவழக்காரத் தெரு அவ்வணிகத்தை நினைவூட்டுகிறது. அவருள் ஒருவராகிய ஜேக்கஸ் த பைவா 1687இல் இறந்து சென்னையிலேயே அடக்கமானார். 1688இல் சென்னை நகராண்மைக் கழகம் தொடங்கியபோது அதன் ஆல்டர்மென்களுள் யூத வணிகரும் இடம்பெற்றனர்.

5. திஷ்ரி: ஒப்புரவின் மாதம்

எலூல் மாதம் முழுவதும் மனந்திரும்புதலுக்கு ஆயத்தம். திஷ்ரி 1 புத்தாண்டு. 10ஆம் நாள் பாவநிவாரண நாள். 15 முதல் கூடாரப் பண்டிகை. அதன் இறுதியில் நியாயப்பிரமாணத்தின் மகிழ்ச்சித் திருநாள். கொச்சியில் இந்த இறுதி நாளின் சிறப்பு தனி. சுருள்கள் பேழையினின்று வெளியே எடுத்து அலங்கரிக்கப்படும். எண்ணெய் விளக்குகள் நிறைய ஏற்றப்படும். அங்குள்ள சுருள் முடிகளுள் ஒன்று திருவிதாங்கூர் அரசர் அளித்த பொன்முடி. யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த பாடல்கள் தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்துச் சுவடிகளில் எழுதிக் காக்கப்பட்டன.

பாவநிவாரண நாளைப் பற்றி ரபிமாரின் போதனை ஒன்றுண்டு. தேவனுக்கு எதிரான குற்றத்தை அந்நாள் நீக்கும். பிறனுக்கு எதிரான குற்றத்தையோ, அவனோடு ஒப்புரவாகும்வரை அந்நாளும் நீக்காது. மத்தேயு 5:23, 24 வசனங்களை அறிந்த நமக்கு இது அந்நியமன்று. இதன் கூர்மையைக் கொச்சி யூதரே உணர வேண்டியதாயிற்று. பரதேசி ஜெபாலயத்தில், முன்னாள் அடிமைகளின் வழிவந்தோர் என எண்ணப்பட்ட யூதருக்கு உள்ளே சம இடம் மறுக்கப்பட்டது. அவ்வகுப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882-1967) காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, ஜெபாலயத்திலேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். அவர்கள் படிப்படியாகவே உரிமை பெற்றனர். ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய வரலாறு நம் தமிழ்த் திருச்சபைக்கும் உண்டு. ஆகையால் இதைப் பிறர் குறையாக எண்ணி நாம் கடந்து செல்ல இயலாது.

திஷ்ரியின்மேல் நம் காலத்து நினைவுகளும் படிந்துள்ளன. 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 29, 30 நாட்களில், பாவநிவாரண நாளுக்கு முன்தினம் வரை, கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தில் 33,771 யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1973 அக்டோபர் 6இல் பாவநிவாரண நாளன்றே எகிப்தும் சிரியாவும் தொடுத்த போர் மூண்டது. 2023 அக்டோபர் 7இல், கூடாரப் பண்டிகையை முடித்துவைக்கும் திருநாளன்று, ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரவேலில் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரம் பாலஸ்தீனர், பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட, மாண்டனர். இவ்விரண்டையும் ஒருசேர நினைத்துத் துக்கிக்க இயலாத நெஞ்சம், மனந்திரும்புதலின் மாதத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

6. மர்ஹெஷ்வான், கிஸ்லே: தீயும் விளக்கும்

திஷ்ரிக்கு அடுத்த மர்ஹெஷ்வான் மாதத்தில் திருநாள் ஏதும் இல்லை. அந்த வெற்று மாதத்தில், 1938 நவம்பர் 9 இரவும் மறுநாளும், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஏறத்தாழ 1,400 ஜெபாலயங்கள் எரிக்கப்பட்டோ சிதைக்கப்பட்டோ போயின. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் சிறைபிடிக்கப்பட்டனர். நவம்பர் 10 மார்ட்டின் லூத்தரின் பிறந்த நாள். துரிங்கியாவின் ஆயராயிருந்த மார்ட்டின் சாஸ்ஸ அவ்வொற்றுமையைப் பாராட்டி, 1543இல் லூத்தர் யூதருக்கு எதிராக எழுதிய கொடுஞ்சொற்களைத் தொகுத்துத் துண்டுநூலாக வெளியிட்டார். ஜெபாலயங்களைக் கொளுத்தும்படி லூத்தர் எழுதியிருந்தார் என்பது மறுக்கவியலாத உண்மை. மறுபுறம், டீட்ரிக் பொன்ஹோபர் தம் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதம் 8ஆம் வசனத்தின் அருகே 9.11.38 என்று நாளைக் குறித்து வைத்தார். ஒரே திருச்சபையைச் சேர்ந்த இருவர் ஒரே தீயைக் கண்டனர். ஒருவர் பழைய பகைநூலைத் திறந்தார். மற்றவர் சங்கீதத்தைத் திறந்தார்.

அடுத்துவருவது கிஸ்லே. அம்மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் ஹனுக்கா. கி.மு. 164இல் யூதா மக்கபே எருசலேம் ஆலயத்தைச் சுத்திகரித்து மறுபடியும் பிரதிஷ்டை செய்ததன் நினைவு அது. அவ்வரலாற்றைக் கூறும் மக்கபேயர் நூல்கள் எபிரெயத் திருமறையில் இடம்பெறவில்லை. கிரேக்க மொழியில் அவற்றைக் காத்து வந்தது திருச்சபை. நம் புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் அவை இல்லாமையால் நம் மக்கள் இத்திருநாளை அறியார். ஆயினும் நம் ஆண்டவர் மாரிகாலத்தில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது சாலொமோன் மண்டபத்தில் உலாவினார் என்று யோவான் எழுதுகிறார் (யோவான் 10:22, 23). அது ஹனுக்காவே.

இந்தியாவில் இத்திருநாளின் வரலாறு சுவையானது. பெனே இஸ்ரயேலர் ஓய்வுநாளைக் கைக்கொண்டனர். சனிக்கிழமையில் செக்கு ஓட்டாதவர் ஆகையால் "சனிவார எண்ணெய்க்காரர்" என்று அயலாரால் அழைக்கப்பட்டனர். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் அறிக்கை அவர்கள் நாவில் இருந்தது. ஆனால் ஹனுக்காவை அவர்கள் அறியவில்லை. அந்நிகழ்ச்சிக்கு முன்னரே தம் முன்னோர் கப்பலேறி, அலிபாகுக்கு அருகே நவகாவ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கினர் என்பதற்கு அதையே அவர்கள் சான்றாகக் காட்டுவர். பிற்காலத்தில் கொச்சி யூத ஆசிரியர் வந்து அவர்களுக்கு அதைக் கற்பித்தனர். கிறிஸ்தவ மிஷனெரிகளும் அவர்களிடையே பள்ளிகள் நடத்தினர். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் வில்சன் 1832இல் மராத்தியில் எபிரெய இலக்கணம் வெளியிட்டார். அவர்களைக் கிறிஸ்தவராக்கும் எண்ணத்தோடு கற்பித்த எபிரெயம், அவர்களை இன்னும் உறுதியான யூதராக்கிற்று. மதம் மாறியோர் மிகச் சிலரே. இதை நம் தோல்வி என்பதா? வேதத்தை அதற்குரிய மக்களின் கையில் திரும்பக் கொடுத்த அப்பணியைத் தேவன் வேறுவிதமாக எண்ணியிருக்கக் கூடும்.

கொச்சியில் புகழ்பெற்ற பக்தராகிய நெகேமியா மோத்தா 1615இல் கிஸ்லே 25ஆம் நாளில் மறைந்தார். மட்டாஞ்சேரியில் அவர் கல்லறைக்குப் பிற சமயத்தாரும் வந்து விளக்கேற்றுவர். 1968 டிசம்பர் 15 அன்று பரதேசி ஜெபாலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். நினைவுத் தபால்தலையும் வெளியாயிற்று. அன்று மாலையே ஹனுக்காவின் முதல் விளக்கு. ஆனால் அதற்குள் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தனர். இன்று அங்கு எஞ்சியிருப்போர் மிகச் சிலர். 2008 நவம்பர் 26இல் மும்பையைத் தாக்கியோர் நரிமன் இல்லத்தில் யூதர் அறுவரைக் கொன்றதும் மறக்கத்தக்கதன்று.

7. ஆதார்: இந்தியாவின் பெயர் வரும் திருநாள்

ஆதார் 14இல் பூரீம். அன்று எஸ்தரின் புத்தகம் முழுவதும் ஜெபாலயத்தில் வாசிக்கப்படும். நம் நாட்டின் பெயர் திருமறையில் வருவது அந்நூலில்தான் (எஸ்தர் 1:1, 8:9). பெனே இஸ்ரயேலர், அதே பருவத்தில் அயலார் கொண்டாடும் ஹோலியின் பெயரையே இதற்கு இட்டனர்.

பூரீம் நமக்கு ஒரு கடினமான பாடத்தையும் தருகிறது. 1994 பிப்ரவரி 25இல், பூரீம் நாளன்று, யூதக் குடியேறி ஒருவன் எபிரோனில் தொழுகையில் இருந்த இஸ்லாமியர் 29 பேரைச் சுட்டுக் கொன்றான். இஸ்ரவேல் அரசும் பெருவாரியான யூதரும் அதைக் கண்டித்தனர். துன்பத்தின் நினைவு ஒருவனை இரக்கமுள்ளவனாக்கவும் கூடும், பழிவாங்குபவனாக்கவும் கூடும். இது யூதருக்கு மட்டும் உரிய சோதனை அன்று. நினைவைக் காத்துவரும் எல்லா மக்களுக்கும் உரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நம் ஊழியத்துக்கு மூன்று செய்திகள் எழுகின்றன.

முதலாவது, பாடுகளின் வாரப் பிரசங்கம். இயேசுவை யூதர் கொன்றனர் என்று பொதுப்படச் சொல்லும் வழக்கம் நம் பீடங்களிலும், பாடுகளின் நாடகங்களிலும் இன்னும் உள்ளது. சிலுவை உரோமரின் தண்டனை, தீர்ப்பளித்தவன் பிலாத்து, ஆண்டவரும், அவருடைய தாயும், சீடரும், அவருக்காக அழுத எருசலேமின் குமாரத்திகளும் யூதரே. யோவான் சுவிசேஷத்தில் "யூதர்" என வருமிடங்களில், அன்றைய தலைவரைக் குறிக்கும் இடம் எது, மக்களைக் குறிக்கும் இடம் எது என்று பிரித்து விளக்குவது போதகரின் கடன். 1965 அக்டோபர் 28இல் உரோமைத் திருச்சபை, ஆண்டவரின் பாடுகளுக்காக எல்லா யூதரையும் குற்றஞ்சாட்டலாகாது என அறிக்கையிட்டது. 1994இல் அமெரிக்க லூத்தரன் திருச்சபை, லூத்தரின் யூத எதிர்ப்பு எழுத்துகளை வெளிப்படையாக மறுத்துரைத்தது. யூதரையே காணாத நம் கிராமச் சபைகளில் இது எதற்கு எனலாம். காணாத ஒருவரை வெறுக்கக் கற்றுக்கொண்டவர், கண்ணெதிரே உள்ளவரையும் அவ்வாறே வெறுப்பர்.

இரண்டாவது, திருமறையின் இஸ்ரவேலையும், இன்றுள்ள யூத மக்களையும், 1948 மே 14இல் நிறுவப்பட்ட இஸ்ரவேல் அரசையும் ஒன்றாகக் குழப்பலாகாது. அரசின் செயலுக்காக மக்களைப் பகைப்பதும் தவறு. மக்கள்பால் உள்ள மதிப்பால் அரசின் செயலையெல்லாம் வேதவாக்கு என்பதும் தவறு. பாலஸ்தீனக் கிறிஸ்தவர் நம் சகோதரர் என்பதையும் மறவாதிருப்போமாக.

மூன்றாவது, ரோமர் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களைப் பாடத்திட்டத்தின் ஓரத்தில் தள்ளாமல் சபையில் போதிக்க வேண்டும். வேர் நம்மைத் தாங்குகிறது, நாம் வேரைத் தாங்கவில்லை என்பதே அங்கு பவுலடியார் புறவினத்துக் கிறிஸ்தவருக்குத் தரும் எச்சரிக்கை (ரோமர் 11:18).

கொல்லத்துச் செப்பேட்டில் நம் ஆலயத்தின் உரிமைக்கு எபிரெய எழுத்தில் சாட்சியிட்டவர் எவர் என்று நாம் அறியோம். அவர்கள் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அச்சாட்சிக்கு நாம் இன்னும் ஈடு செய்யவில்லை. வருகிற பாடுகளின் வாரத்தில், அவர்கள் வழிவந்தோரைப் பற்றி நம் பீடத்திலிருந்து உண்மையான சாட்சி சொல்வது, அக்கடனைத் தீர்க்கத் தொடங்குவதற்கு ஏற்ற வழியாகும்.